அரிக்கிறது, விழுகிறது என்று பேட்ச்சை நிறுத்திவிடாதீர்கள்



1990-91இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பெண்களுக்கு இப்போது 48 வயதை ஒட்டி இருக்கும். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சராசரியாக 46, 47 வயதில். இன்பாக்ஸில் கொஞ்ச நாளாக வருகிற செய்திகளும் அதையேதான் சொல்கின்றன. "டீச்சர், ராத்திரி மூணு மணிக்கு உடம்பு தீயா எரியுது. நைட்டி நனைஞ்சுடுது." "டீச்சர், காரணமே இல்லாம அழுகை வருது." எழுதுகிற எல்லாரும் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறார்கள்: "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

யார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விஷயத்தைப் பொதுவில் பேசப்போகிறேன். ஆண் பிள்ளைகளும் தள்ளிவிட்டுப் போகாமல் படியுங்கள். உங்கள் வீட்டிலும் அக்கா, அண்ணி, மனைவி இருக்கிறார்கள்.

எழுதியவர்களில் இரண்டு பேருக்கு மருத்துவர் ஹார்மோன் பேட்ச் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒருத்தி இங்கிலாந்தில் இருக்கிறாள், இன்னொருத்தி இங்கே வங்கியில் வேலை பார்க்கிறாள். இரண்டு பேருமே ஒரு மாதம்கூட முடியாமல் நிறுத்திவிட்டார்கள். கேட்டால், "அரிக்குது, வேர்வையில கழண்டு விழுது, எனக்கு ஒத்துக்கலை டீச்சர்" என்கிறார்கள். வங்கியில் இருப்பவள் தூக்கமில்லாமல் கணக்கில் கவனம் தப்புகிறது என்று விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்க யோசிக்கிறாள். இன்னும் பத்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருக்கிறது. பிள்ளை கல்லூரியில் படிக்கிறான்.

என் அபிப்பிராயம் இதுதான். இவர்களுக்கு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை. ஒட்டும் முறையை யாரும் சொல்லித்தரவில்லை. டப்பாவுக்குள் இருக்கும் தாளில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. மருத்துவருக்கு நேரமில்லை. கடைக்காரரிடம் கேட்கக் கூச்சம். ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுக்காமலே பரீட்சை வைத்து, பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லை என்று சொல்வது போலத்தான் இது.

முதலில், அது என்ன என்று பார்ப்போம். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. இந்தக் கொதிப்பு, வேர்வை, தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் அதனால் வருவதுதான். பேட்ச் என்பது ஈஸ்ட்ரோஜன் கலந்த மெல்லிய பிளாஸ்திரி. மருந்து தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கும். மாத்திரை போல முதலில் ஈரலுக்குப் போகாது. அதனால் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு என்பது மருத்துவர்கள் சொல்வது. கர்ப்பப்பை எடுக்காதவர்களுக்குக் கூடவே புரோஜெஸ்டிரான் வகை மருந்தும் வேண்டும். அதைச் சிலர் "அது எதுக்கு இன்னொண்ணு" என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. கர்ப்பப்பையின் உள்சுவருக்கு அதுதான் காவல்.

இனி ஒட்டும் பாடம். நம் வீட்டுப் பழக்கங்களோடு சேர்த்தே சொல்கிறேன்.

இடுப்புக்குக் கீழே ஒட்ட வேண்டும். அடிவயிறு அல்லது பின்புறத்தின் மேல்பகுதி. மார்பில் கூடவே கூடாது. சேலை கட்டுகிறவர்கள் பாவாடை நாடா இறுகும் இடத்தை விட்டு நாலு விரல் கீழே தள்ளி ஒட்டுங்கள். சுடிதார் போடுகிறவர்களுக்கு எலாஸ்டிக் கோடு. அங்கே ஒட்டினால் நாள் முழுக்க உரசி ஓரம் தூக்கிக்கொள்ளும். வங்கிக்காரி ஒட்டிக்கொண்டிருந்தது சரியாக நாடா மேலேதான்! உட்காரும்போது அழுந்தும் இடமும் வேண்டாம்.

தோலில் எண்ணெய், கிரீம், பவுடர், மஞ்சள் எதுவும் இருக்கக்கூடாது. வாரம் இரண்டு முறை மாற்றும் பேட்ச் என்றால் செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்க் குளியல் பழக்கம் இருப்பவர்களுக்கு நாளும் மறக்காது. பழையதைக் கழற்றிவிட்டு எண்ணெய் தேயுங்கள். புதிதாக ஒட்டப்போகும் இடத்தில் மட்டும் எண்ணெய் படாமல் பார்த்து, சாதாரண சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுடுதண்ணீரில் குளித்த உடனே ஒட்டாதீர்கள். மின்விசிறிக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்று, உடம்பு ஆறி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். வாரத்துக்கு ஒன்று போதும் என்கிற வகையும் உண்டு. உங்களுடையது எது என்று டப்பாவைப் பாருங்கள்.

பசைப் பக்கத்தை விரலால் தொடாதீர்கள். ஒட்டியதும் உள்ளங்கையை வைத்துப் பத்து விநாடியாவது அழுத்துங்கள். ஓரங்களை விரலால் நீவி விடுங்கள். அந்தச் சூட்டில்தான் பசை நன்றாகப் பிடிக்கும். பிறகு குளிக்கலாம், வேலை பார்க்கலாம். பேட்ச் மேல் வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம், நேர் வெயிலும் படவேண்டாம்.

அரிப்புக்கு வருகிறேன். ஒட்டிய இடத்திலேயே திரும்பத் திரும்ப ஒட்டுவதுதான் பெரும்பாலும் காரணம். இந்த முறை வலப்பக்கம் என்றால் அடுத்த முறை இடப்பக்கம். ஒரே இடத்துக்குத் திரும்பி வர ஒரு வாரமாவது ஆக வேண்டும். மேல் தாளை உரித்த பிறகு பத்து விநாடி காற்றில் காட்டிவிட்டு ஒட்டினால் சிலருக்கு எரிச்சல் குறைகிறது. கழற்றும்போது வெடுக்கென்று பிய்க்காமல் மெதுவாக உரியுங்கள். மிஞ்சுகிற பசையைச் சுரண்ட வேண்டாம், ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். இலேசான சிவப்பு தானாக மறையும். கொப்புளம், தடிப்பு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு கம்பெனிப் பேட்ச், இல்லையென்றால் தோலில் தடவுகிற ஜெல் என்று வழி இருக்கிறது. நம் ஊரில் பேட்ச் எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதால் ஜெல்லைப் பற்றியும் கேட்டு வையுங்கள்.

கழன்று விழுந்தால் புதிது ஒட்டுங்கள், ஆனால் மாற்றும் கிழமையை மாற்றாதீர்கள். பழைய பேட்ச்சில் மருந்து மிச்சம் இருக்கும். பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, பேரன் பேத்தி கைக்கு எட்டாமல் குப்பையில் போடுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் பேட்ச் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாலு நாளில் குணம் தெரியவில்லை என்று கைவிட வேண்டாம். சரியாகப் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும், மூன்று மாதம் கழித்துத்தான் மருத்துவரும் அளவைத் திரும்பப் பார்ப்பார்.

"ஹார்மோன் எடுத்தால் புற்றுநோய் வருமாமே" என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துவார்கள். அந்தப் பயம் பெரிதாகக் கிளம்பியது 2002இல். அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். அதில் இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். அவர்களின் சராசரி வயது 63. எடுத்தது மாத்திரை, பேட்ச் அல்ல. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு, யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்கிறேன். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக் கட்டி வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லியே தீர வேண்டும். தோழி ஒட்டுகிறாள் என்று நீங்களாக வாங்கி ஒட்டவும் கூடாது. எல்லாருக்கும் இந்தச் சிகிச்சை தேவைப்படுவதும் இல்லை. தொந்தரவு இல்லாதவர்கள் சந்தோஷமாக இருங்கள்.

"நாங்கள்லாம் பொறுத்துக்கலையா?" என்று கேட்கும் என் வயதுப் பெண்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பொறுத்துக்கொண்டோம், உண்மைதான். விறகடுப்பிலும் பொறுத்துக்கொண்டுதான் சமைத்தோம். அதற்காக மருமகளை ஊதுகுழல் எடுக்கச் சொல்கிறோமா?

வங்கிக்காரி போன வாரம் மருத்துவரைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறாள், நாடாவுக்கு நாலு விரல் கீழே. விருப்ப ஓய்வுக் கடிதத்தை மூன்று மாதம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆண் பிள்ளைகளே, உங்களுக்கு வீட்டுப்பாடம் ஒன்றுதான். குளியலறை அலமாரியில் அந்த டப்பாவைப் பார்த்தால் கேலி பேசாமல், "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, மாத்திட்டியா?" என்று கேளுங்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் இங்கேயே கேட்கலாம். இன்பாக்ஸில்தான் கேட்பேன் என்றாலும் சரி, டீச்சர் யாரிடமும் சொல்ல மாட்டேன்.