துருவின் மேல் வண்ணம் பூசாதீர்!



சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, முன்னர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு தம் வீட்டுக்கு அழைத்தார். கோவில்பட்டியை ஒட்டிய கரிசல் கிராமம் அது. வீட்டுக்குப் பின்னே, ஒரு காலத்தில் பருத்தி மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில், இரண்டு கதவுகள் கொண்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று புது வண்ணத்தில் மின்னிக்கொண்டு நின்றது. அவருடைய பாட்டனார் பருத்தி வியாபாரம் செழித்திருந்த நாளில் வாங்கியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடாமல் கிடந்தது. "ஹஜ்ரத், நீங்கள் துஆ ஓதிய பிறகுதான் சாவியைத் திருப்புவேன்" என்றார்.

நாம் கேட்டது ஒரே கேள்விதான். "உங்கள் மாமிமாரிடம் கேட்டீர்களா?"

"அவர்களுக்கு எதற்கு ஹஜ்ரத் கார்?" என்றார் அந்த இளைஞர்.

துஆ ஓதாமல் திரும்பிவிட்டோம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம். ஒரு வீட்டின் குறையை ஊரறியச் செய்வது நம் நோக்கமன்று. அவரிடம் அனுமதி பெற்று, ஊரும் பேரும் விலக்கியே எழுதுகிறோம். ஏனெனில் இது பல வீடுகளின் கதை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். பழைய காரைப் புதுப்பிப்பதே வீண்விரயம், ஹராம் என்று தீர்ப்பளிப்போருடன் நாம் சேரமாட்டோம். ஹெரால்டு நம் தமிழ்நாட்டில் உருவான வண்டி. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் நிறுவனம் வெளியிட்ட இந்தக் காரின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. இதே அடிச்சட்டத்தைச் சுருக்கி அமைத்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தய வகைக் கார். சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் பத்தாண்டுக் காலம் ஹெரால்டு உருவாயிற்று. 948 சி.சி. எஞ்சின், முன்மூடி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும், உடற்பகுதிகள் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. 1980-களின் இறுதியில் அந்த ஆலையின் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. எஞ்சியுள்ள வண்டிகளைக் காப்பாற்ற ஒருவர் உழைத்தால் அதில் பழிக்க ஏதுமில்லை. டிங்கரிங் செய்பவருக்கும், வயரிங் செய்பவருக்கும், தையல்காரருக்கும் அதனால் ஹலாலான கூலி கிடைக்கிறது. வட்டிக்கு வாங்காமல், கடமைகளைக் கைவிடாமல், பெருமைக்காகச் செய்யாமல் இருந்தால் அது ஆகுமான காரியமே.

அந்த இளைஞர் உழைத்ததையும் மறுக்கமாட்டோம். கரிசல் மண்ணின் குணம் நம் எல்லோருக்கும் தெரியும். மழையில் உப்பிப் பசையாகும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். சிமெண்டுத் தளமில்லாத கொட்டகையில் நின்ற வண்டி, ஆண்டுதோறும் ஒரு பக்கம் அமிழ்ந்து ஈரத்தைக் குடித்திருக்கிறது. சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் அரித்துப்போயிருந்தன. ஹெரால்டு வண்டிகளில் துரு முதலில் பற்றுகிற இடங்களில் அதுவும் ஒன்று. எலிகள் வயர்களைக் கடித்திருந்தன. பிஸ்டன்கள் இறுகிக் கிடந்தன. பிளக் துவாரங்கள் வழியே எண்ணெய் ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டுத்தான் எஞ்சினை அசைத்தார்களாம். உதிரிபாகம் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்கு மூன்று முறை போயிருக்கிறார். நாலு இலட்சத்துக்கு மேல் செலவு.

சட்டத்தையும் அவர் நுணுகிப் படித்திருந்தார். முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிய 2021-இல் மைய அரசு விதி வகுத்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அன்றாட ஓட்டத்துக்கு அந்த வண்டியைப் பயன்படுத்தலாகாது. இவையெல்லாம் அவருக்கு மனப்பாடம். உரிமையாளர் இறந்தால் வாகனத்தை மாற்றப் படிவம் 31 வேண்டும் என்பதும் தெரியும். அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டியதில் ஒரு ரூபாயும் குறையக்கூடாது என்று எண்ணியவர், அல்லாஹ் நிர்ணயித்த பங்கை மட்டும் எப்படி மறந்தார்?

கணக்கைப் பார்ப்போம். பாட்டனார் மௌத்தாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் விட்டுச் சென்றவர்கள்: மனைவி, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். கஃபன் செலவு, கடன், மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத்து ஆகியவை போக, எஞ்சியதுதான் மீராஸ். மக்கள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. ஆக மொத்தம் எட்டுப் பங்கில் பாட்டியாருக்கு ஒன்று, மகன்களுக்கு இரண்டிரண்டாக நான்கு, மகள்களுக்கு ஒவ்வொன்றாக மூன்று.

கூட்டிப் பாருங்கள். அந்தக் காரில் சரிபாதி பெண்களுடையது.

பேரனுக்கு? மகன்கள் உயிரோடிருக்கையில் பேரன் வாரிசே அல்லன். "இப்போது என்னுடையது" என்று அவர் சொன்ன வண்டியில், ஒரு திருகாணியும் அவருக்குச் சொந்தமில்லை.

புதுப்பிக்கும் முன் அந்த வண்டி 80,000 ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மகளின் பங்கு 10,000. அந்த மூன்று மகள்களில் ஒருவர் கணவரை இழந்தவர். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். பத்தாயிரம் அவருக்கு எத்தனை நாள் கூலி என்பதை, காரின் இருக்கைத் துணிக்கு மட்டும் அதைவிட அதிகம் கொடுத்த மருமகன் எண்ணிப் பார்த்தாரா?

இப்படிக் கேட்டால் நம் வீடுகளில் மூன்று பதில்கள் வரும்.

"துருப்பிடித்த இரும்புக்கா இத்தனை ஆராய்ச்சி?" என்பது முதற்பதில். சூரா அந்நிஸாவின் ஏழாம் வசனத்தைத் திறந்து பாருங்கள். பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு என்று சொன்ன இறைவன், அது குறைவாயினும் அதிகமாயினும் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறான். "சின்னப் பொருள்தானே" என்னும் சாக்குக்கு அங்கே இடமில்லை. அன்றியும், இரும்பு என்றால் நாலு இலட்சம் ஏன் செலவழித்தீர்கள்? உங்களுக்கு மதிப்புள்ளதாகவும் அவர்களுக்கு மட்டும் இரும்பாகவும் ஒரே பொருள் இருக்க முடியாது.

"சீரும் நகையும் போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டோமே" என்பது இரண்டாவது பதில். தந்தை தம் வாழ்நாளில் கொடுத்தது அன்பளிப்பு. மீராஸ் அவர் இறந்த கணத்தில் பிறக்கும் உரிமை. பிறக்காத உரிமையை முன்கூட்டியே நகையால் அடைக்க முடியாது. மகனின் படிப்புக்கும் கடைக்கும் கொடுத்ததை யாரும் அவன் பங்கில் கழிப்பதில்லையே!

"அவர்களே விட்டுக்கொடுத்துவிட்டார்கள்" என்பது மூன்றாவது பதில். நம் அனுபவத்தில் மிக அதிகம் கேட்பதும் இதுதான். எப்படி விட்டுக்கொடுத்தார்கள்? பெருநாளைக்கு வந்த சகோதரி முன் ஒரு தாளை நீட்டி, "வண்டிப் பேப்பருக்கு ஒரு கையெழுத்துப் போடு" என்றால் போட்டுவிடுவார். மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற அச்சம் அவருக்கு. தமக்கு எட்டில் ஒரு பங்குண்டு என்று அறியாமலும், அதன் மதிப்புத் தெரியாமலும், மறுக்க வழியில்லாமலும் கொடுத்த சம்மதம் மனமொப்பிய சம்மதமாகுமா? முதலில் பங்கை அவர் கையில் கொடுங்கள். பிறகு அவர் விரும்பித் திருப்பித் தந்தால் அதுவே விட்டுக்கொடுத்தல்.

நம் கேள்வியின் காரத்தை உணர்ந்த அந்த இளைஞர் மறுவாரம் மதரஸாவுக்கு வந்தார். காரின் பழைய நிலைக்குரிய விலையை நடுநிலையான இருவரைக் கொண்டு மதிப்பிட்டு, எல்லா வாரிசுகளுக்கும் பங்கைக் கொடுத்து, அவர்கள் மனமொப்பிய பின் தாம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மகிழ்ந்தோம். ஆனால் அவருடைய தந்தை உடன்படவில்லை. "காருக்குப் பங்கு கொடுத்தால் நாளை நிலத்துக்கும் கேட்பார்கள்" என்றாராம்.

சகோதரர்களே, இந்தச் சொல்லில்தான் நோயின் வேர் இருக்கிறது. ஆம், கேட்பார்கள், கேட்கவே வேண்டும். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949-இல் சென்னை மாகாணம் செய்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. எனவே நம் மாநிலத்தில் கரிசல் காட்டிலும் மகளுக்குப் பங்குண்டு என்பதை மார்க்கமும் சொல்கிறது, நாட்டின் சட்டமும் சொல்கிறது. சொல்லாமல் மறைத்து வைத்திருப்பது நாம்தான். ஆலிம்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. மதரஸாவில் பராயிள் பாடம் நடத்துகிறோம். நிக்காஹ் மேடையிலோ மய்யித்து வீட்டிலோ அதைப் பேசத் தயங்குகிறோம். வீட்டாரின் முகம் கோணும் என்று அஞ்சி மௌனம் காத்த நாட்கள் நமக்கும் உண்டு. அல்லாஹ் மன்னிப்பானாக.

ஆகவே ஜமாஅத்தாருக்கு நம் வேண்டுகோள்: இத்தா முடிவதற்குள் வாரிசுகளின் பட்டியலையும் சொத்துகளின் பட்டியலையும் எழுத ஓர் ஆலிமை அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். நிலம், வீடு, நகை, வண்டி, தையல் இயந்திரம் எதையும் விடவேண்டாம். பெண்களை அடுக்களையில் நிறுத்தாமல் அந்த அமர்வில் உட்கார வையுங்கள். சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். உங்கள் ஹக்கைக் கேட்பது பேராசையன்று.

காரைச் செப்பனிட்ட டிங்கர் அந்த இளைஞரிடம் ஒன்று சொன்னாராம். துருவை வெட்டி எடுக்காமல் மேலே பட்டி பூசி வண்ணம் அடித்தால், ஓர் ஐப்பசி மழைக்குத் தாங்காது. உள்ளே அரித்துக்கொண்டேயிருக்கும் என்று. வண்டிக்கு இதைக் கேட்டு நடந்த குடும்பம், பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிரிக்காத சொத்துக்கும் கேட்டு நடந்தால் என்ன?

ஹெரால்டு இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. சாவி அந்த இளைஞரிடம் இருக்கிறது. முடிவு அவர் தந்தையிடம் இருக்கிறது. பங்குகள் உரியவர் கையில் சேரும் நாளில், அழைக்காமலேயே போய் துஆ ஓதுவோம், இன்ஷா அல்லாஹ்.

பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாகக் கப்ருக்குள் போவதிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.