கழுத்து அறுந்தவர் வசனம் பேசுவாரா? ஒரு சாமுராய் படமும் ஒரு கேஷுவாலிட்டி டாக்டரும்

முதல்லயே ஒரு வாக்குமூலம் கொடுத்துடறேன் மக்களே.

நைட் டூட்டி முடிஞ்சு, உடுமலையில பஸ் பிடிச்சு, அமராவதி நகர் வீட்டுக்கு வந்து, குளிச்சுட்டுத் தூங்க வேண்டிய நேரத்துல நான் பார்க்கறது சாமுராய் படம். 'செவன் சாமுராய்' மாதிரி மரியாதையான படம்னு நினைச்சுடாதீங்க. கை தனியா, கால் தனியா பறக்குமே, அந்த ரகம்.

"ஏங்கண்ணு, ஆஸ்பத்திரில பாக்கற ரத்தம் பத்தாதா?" என்பது அம்மாவின் கேள்வி.

நியாயமான கேள்வி. அதுக்கான பதில்தான் இந்த நீளமான த்ரெட்.

படத்தின் பெயர் 'பேபி கார்ட் அட் த ரிவர் ஸ்டிக்ஸ்'. 1972-ல் வந்தது. 'லோன் வுல்ஃப் அண்ட் கப்' என்ற ஜப்பானிய காமிக்ஸை வைத்து 1972 முதல் 1974 வரை எடுத்த ஆறு படங்களில் இது இரண்டாவது. இயக்கம் கென்ஜி மிசுமி. ஹீரோ டொமிசபுரோ வகயாமா. ஆளைப் பார்த்தா நம்ம ஊர் அரிசி மண்டி முதலாளி மாதிரி இருப்பார், வாளை எடுத்தா வேற ஆள்.

கதை ரொம்ப சிம்பிள். ஷோகனின் மரண தண்டனை அதிகாரி ஓகாமி இட்டோ. எதிரிக் கூட்டம் அவர் மேல் பழி போட்டு, மனைவியைக் கொன்றுவிடுகிறது. கைக்குழந்தை டைகோரோவை மரத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, காசுக்குக் கொலை செய்து ஊர் ஊராகத் திரிகிறார். அந்தத் தள்ளுவண்டிக்குள்ளும் கத்தி ஒளிஞ்சிருக்கும். குழந்தை பாட்டுக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

இப்போ டாக்டரா என் புகார்கள்.

ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது முழுப் பொய் கிடையாதுங்க. ஸ்டீபன் ஹேல்ஸ்னு ஒரு இங்கிலாந்துப் பாதிரியார், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாய் செருகி, ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறியதை 1733-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நம்ம பிபி 120-க்குக் கணக்குப் போட்டா சுமார் 5 அடி வரும். ஆனா அது இதயம் துடிக்கத் துடிக்க விட்டுவிட்டு வரும். ரத்தம் குறையக் குறைய வேகமும் குறையும். இந்தப் படத்துல கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் உடைஞ்ச மாதிரி நிக்காம அடிக்குது. மனுஷ உடம்புல இருக்கிறதே 5 லிட்டர்தான் சாமி!

இந்த ரத்த ஊற்றைப் பிரபலமாக்கினது யாருன்னு நினைக்கறீங்க? அதே மரியாதைக்குரிய குரோசவாதான். 'சஞ்சுரோ' படத்தின் கடைசி சண்டை, 1962. எங்க ஊர் சைனிக் பள்ளி ஆரம்பிச்ச அதே வருஷம். அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாரும் அதை வாளி வாளியா ஊத்தினாங்க.

இதைவிடப் பெரிய கூத்து கிளைமாக்ஸில். கழுத்து அறுபட்ட வில்லன் மணல்மேட்டில் நின்று சாவகாசமா வசனம் பேசறார். மூச்சுக்குழாய் அறுந்துட்டா காத்து அந்த ஓட்டை வழியாவே வெளியே போயிடும், குரல்நாணுக்குப் போய்ச் சேராது. கழுத்துல ட்ரக்கியாஸ்டமி போட்ட நோயாளி பேசணும்னா ஓட்டையை விரலால் அடைக்கணும். வில்லன் அடைக்கவே இல்லை.

இவ்வளவு தப்பும் தெரிஞ்சு ஏன் ரசிக்கிறேன்?

தப்பா இருக்கறதாலதான். நிஜம் மாதிரியே எடுத்த வெட்டுக்குத்துக் காட்சி வந்தா நான் எழுந்து போயிடுவேன். மனசு தானா வேலை பார்க்க ஆரம்பிச்சுடும்: எந்த நரம்பு, எந்த டெண்டான், எத்தனை யூனிட் ரத்தம். இந்தப் படத்துல அந்தக் கணக்குக்கே வேலை இல்லை. பெயின்ட் டப்பா கவிழ்ந்த மாதிரி சிவப்பு. அன்னிக்கு ராத்திரி முழுக்கப் பார்த்ததை இது ஞாபகப்படுத்தாது. இதைச் சிலர் மனவக்கிரம்னு சொல்லலாம். எனக்கு இது ஓய்வு.

எல்லாத்தையும் நியாயப்படுத்தல. இந்த வரிசையில் சில படங்களில் பெண்களைக் காட்டும் விதம் சகிக்காது, நான் தள்ளி விட்டுடுவேன். குழந்தைகளோட உட்கார்ந்து பார்க்கவே கூடாது.

ஆனா நடுவுல ஒரு காட்சி வருது.

ஒரு பெரிய சண்டைக்கப்புறம் அப்பா காயத்தோட காய்ச்சலில் ஒரு குடிசைக்குள் சுருண்டு விழறார். (காயம் பட்ட ஹீரோவுக்குக் காய்ச்சல் வருது பாருங்க! நம்ம ஹீரோக்களுக்கு வந்து பார்த்திருக்கீங்களா?) மூணு வயசுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. ஆத்துக்குப் போய்க் கையில் தண்ணி அள்ளறான், வழியிலேயே சிந்திடுது. திரும்பப் போறான். கடைசியில் வாய் நிறையத் தண்ணியை வச்சுக்கிட்டு ஓடி வந்து அப்பா வாயில் விடறான். அப்புறம் வழியோரச் சாமி சிலைக்குப் படைச்ச தின்பண்டத்தை அப்பாவுக்காக எடுக்கறான். சும்மா எடுக்கல. தன் மேல்சட்டையைக் கழட்டி அங்கே வச்சுட்டு எடுக்கறான்.

இதை இதுவரை நாலு தடவை பார்த்திருப்பேன்.

போன மாசம் ஒரு பனியன் கம்பெனி கட்டிங் மெஷின்காரர் வந்தார். துணி வெட்டும்போது போட வேண்டிய இரும்பு வலைக் கையுறை வேகத்துக்குத் தடையா இருக்குன்னு கழட்டி வச்சிருக்கார். இடது கையில் ரெண்டு விரல் மடக்கும் டெண்டான் அறுந்திருச்சு. யாரோ காயத்தில் காபித்தூளை வேற கொட்டி அனுப்பியிருந்தாங்க. (தயவுசெஞ்சு கொட்டாதீங்க. சுத்தமான துணியை வச்சு அழுத்திப் பிடிச்சு, கையை உயர்த்தி, அப்படியே கூட்டிட்டு வாங்க. விரல் துண்டானா ஈரத்துணியில் சுத்தி, கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல வைங்க. விரல் நேரா ஐஸில் படக்கூடாது.)

ஆபரேஷனுக்காக அவரைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு வச்சிருந்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மகள், நாலு வயசு இருக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் பாட்டில் மூடியில் தண்ணி ஊத்தி, ரெண்டு கையாலும் பிடிச்சு, அப்பா வாயில் விட்டுட்டு இருந்தா.

சிஸ்டர் பார்த்துட்டுச் சத்தம் போட்டாங்க. பாப்பா மூடியை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சா.

நான் திட்டல. மயக்க மருந்து டாக்டர்கிட்டப் போய் விஷயத்தைச் சொன்னேன். எத்தனை மூடின்னு கேட்டார். பாப்பாகிட்டக் கேட்டேன், ரெண்டு விரல் காட்டினா. ரெண்டு மூடிக்காக ஆபரேஷன் ஒண்ணும் நிக்கல, கொஞ்ச நேரம் தள்ளிப் போச்சு, அவ்வளவுதான். அவர் இப்போ விரல் பயிற்சிக்கு வந்துட்டு இருக்கார். முழுசா மடங்க இன்னும் நாளாகும்.

ஆறாவது படத்தை மட்டும் இன்னும் பார்க்காம வச்சிருக்கேன். அதுல தள்ளுவண்டி பனியில் சறுக்கிட்டே சண்டை போடுமாம். ஞாயித்துக்கிழமை ஆஃப்.