விழுப்புண்ணுக்கும் விழுக்காடா?

களத்திலே மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டினர் நம் முன்னோர், பீலி சூட்டினர், படையலிட்டுப் போற்றினர். அத்துடன் நின்றனரா? இல்லை! அவன் சிந்திய செங்குருதிக்காக அவன் குடும்பத்தார்க்கு நிலமும் விட்டனர். அந்த நிலத்துக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா, தோழர்களே? தானம் என்றல்ல, தருமம் என்றல்ல, உதிரப்பட்டி! உதிரத்துக்கு ஈடான நிலம்! கொடுத்தவன் பெருமையைக் கூறும் பெயரல்ல அது. பெற்றவன் உரிமையைப் பேசும் பெயர்.

அந்த ஒரு சொல்லை உரைகல்லாக எடுத்துக்கொண்டு, படைவலியால் பாரினை மிரட்டும் அமெரிக்காவைச் சற்று உரசிப் பார்ப்போம்.

அந்நாட்டுப் படைத்தளங்களிலே கடைகள் உண்டு. ‘கமிசரி’ என்றால் மளிகைக் கடை. வெளிச்சந்தையைவிடக் குறைந்த விலை. ‘எக்ஸ்சேஞ்ச்’ என்றால் துணிமணி முதல் தொலைக்காட்சிப் பெட்டி வரை விற்பனை வரியின்றி வாங்கலாம். தங்கும் விடுதி, திரையரங்கு, விளையாட்டுத் திடல் எல்லாம் அருகருகே. 1867ஆம் ஆண்டிலேயே அதிகாரிக்கு மட்டுமின்றி அடிமட்டச் சிப்பாய்க்கும் அடக்க விலைக்குப் பொருள் தரத் தொடங்கிய நாடு அது. நல்ல ஏற்பாடுதான், மறுப்பாரில்லை.

ஆனால், அந்த வாயிலுக்குள் நுழைய யாருக்கு அனுமதி? பணியில் இருப்போருக்கு உண்டு. பொதுவாக 20 ஆண்டு பணி முடித்து ஓய்வு பெற்றோருக்கு உண்டு. மருத்துவக் காரணத்தால் படையே ஓய்வளித்தோருக்கு உண்டு. நாட்டின் தலையாய வீரப்பதக்கம் பெற்றோருக்கு உண்டு. மற்ற ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கோ, 2019 முடியும் வரையில், ஒரு நிபந்தனை இருந்தது: ஊனம் 100 விழுக்காடாக இருக்க வேண்டும்!

நாடகம் எழுதுகிறவன் நான். ஆகவே இதனை ஒரு காட்சியாகவே காட்டிவிடுகிறேன். ஆண்டு 2019. படைத்தள வாயில். எழுபதைக் கடந்த முதியவர் ஒருவர், தடியூன்றி வந்து நிற்கிறார். வியட்நாம் போருக்குக் கட்டாயமாக அழைத்துச் செல்லப்பட்டவர்.

“ஐயா, தங்கள் சான்று?”

“இதோ.”

“90 விழுக்காடு என்றல்லவா எழுதியிருக்கிறது!”

“ஆமாம், தம்பி. நச்சு மருந்து தெளித்த காட்டிலே நடந்தேன். நாடு திரும்பிப் பல்லாண்டு கழித்து நோய் வந்தது.”

“100 இருந்தால்தான் கதவு திறக்கும், ஐயா.”

“மீதிப் பத்துக்கு நான் எங்கே போவேன்? இன்னொரு போருக்கா?”

காட்சி கற்பனை, தோழர்களே, கணக்கு கற்பனையல்ல! புண் எல்லாமே களத்தில் தெரிந்துவிடுவதில்லை. ‘ஏஜெண்ட் ஆரஞ்சு’ எனும் நச்சுக்கொல்லி விளைத்த நோய்களுக்காக அமெரிக்கா தனிச்சட்டம் இயற்றியதே 1991இல்தான். போரின் அதிர்ச்சி உள்ளத்தைச் சிதைக்கும் நோய்க்கு மருத்துவ ஏடு பெயர் சூட்டியதே 1980இல்தான். காலம் கடந்து வாய் திறக்கும் புண்ணைக் காகிதத்திலே அளந்து, ‘இன்னும் பத்துக் குறைகிறது’ என்பது நீதியாகுமா? விழுப்புண் படாத நாளையெல்லாம் வீணான நாளென வீரன் கணக்கிடுவான் என்று படைச்செருக்கிலே வள்ளுவர் உரைத்தார். வீரன் நாளைக் கணக்கிட்டான். அரசோ அவன் புண்ணைக் கணக்கிட்டது!

இந்த அவலத்துக்கு 2018 ஆகஸ்டு 13இல் ஒரு முடிவு எழுதப்பட்டது. அன்று கையொப்பமான சட்டத்தின்படி, 2020 சனவரி 1 முதல், பணியால் ஊனமுற்ற வீரர்கள், விழுக்காடு எதுவாயினும், கடைகளுக்குள்ளும் பொழுதுபோக்கு இடங்களுக்குள்ளும் செல்லலாம் என்றாயிற்று. போரில் புண்பட்டோர்க்குரிய ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கம் பெற்றோருக்கும், பகைவரிடம் சிறைப்பட்டு மீண்டோருக்கும், அரசுத் திட்டத்தில் பதிவுபெற்று ஊனமுற்ற வீரரைப் பேணும் முதன்மைப் பராமரிப்பாளருக்கும் கதவு திறந்தது. புதிதாக உரிமை பெறுவோர் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் என்று கணக்கிட்டது அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை. புண்பட்டவனோடு சேர்த்து, அவன் புண்ணுக்கு மருந்திடும் கையையும் மதித்த சட்டம் அது. பாராட்டத்தான் வேண்டும்.

எதிர்த்தோர் இல்லாமலா போனார்கள்? ‘இருபதாண்டு உழைத்தவனுக்கும் இரண்டாண்டு இருந்தவனுக்கும் ஒரே உரிமையா?’ என்று கேட்டனர். கேள்வி கூர்மையானதுதான். ஆனால், இரண்டாண்டுக்கென்று இழுத்துச் சென்றது யார்? 1973 வரை நடந்த கட்டாயப் படைச்சேர்ப்பு அல்லவா! இருபதாண்டு இருக்கிறாயா என்று அவனை எவரேனும் கேட்டதுண்டா? குண்டு பாயும்போது, ‘இவன் எத்தனை ஆண்டு பணியாற்றியவன்?’ என்று கேட்டுவிட்டா பாய்ந்தது? ஆண்டுகளை எண்ணி ஓய்வூதியம் தரட்டும். வேண்டாமென்று யார் சொன்னது? புண்ணுக்குரிய உரிமையை ஆண்டுக் கணக்கால் மறிக்காதீர் என்பதே நமது வாதம்.

‘கூட்டம் பெருகும், செலவு கூடும், பணியிலிருக்கும் ஏழைச் சிப்பாயின் பங்கு குறையும்’ என்பது அடுத்த வாதம். இதனை எள்ளி நகையாட மாட்டேன். சிப்பாயின் சட்டியிலிருந்து அள்ளி முன்னாள் வீரனின் தட்டிலே வைப்பது நியாயமாகாது. செலவு கூடினால் கருவூலம் ஏற்கட்டும்! ஆனால் நடந்தது என்ன? புதிதாக உள்ளே வந்தவர்கள் கமிசரியில் வணிக வங்கிக் கடன் அட்டையை நீட்டினால் 1.9 விழுக்காடும், பற்று அட்டையை நீட்டினால் 0.5 விழுக்காடும் தனிக்கட்டணம் தர வேண்டுமென 2020இல் விதித்தனர். தொகை சிறிதுதான், அதன் பின்னேயுள்ள எண்ணம் சிறிதன்று. ‘உன்னை உள்ளே விட்ட செலவை நீயே கொடு’ என்பதன்றோ அதன் பொருள்! ஊனத்துக்கு விழுக்காடு கேட்டவர்கள், அந்த வழக்கத்தை விட மனமின்றி, உள்ளே வந்தவனிடம் பணத்தில் விழுக்காடு கேட்கிறார்கள். வாயில் திறந்தது, மனம் பாதிதான் திறந்தது.

‘வியட்நாமிலே குண்டு பொழிந்தவர்களுக்காகவா பரிவு?’ என்று கேட்கும் தோழர்களும் உண்டு. அந்தப் போரை நாம் ஏற்கவில்லை, இனியும் ஏற்கமாட்டோம். ஆனால் போரைத் தொடங்கியவன் மாளிகையிலே இருந்தான். புண்பட்டவன் மண்குழியிலே கிடந்தான். வாஷிங்டனில் 1982இல் எழுப்பிய கருங்கல் சுவரிலே 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. மாண்டோர்க்குக் கல்லெடுப்பது எளிது. கல் எதையும் கேட்பதில்லை! உயிரோடு வந்தவன் உணவு கேட்பான், மருந்து கேட்பான், மதிப்புக் கேட்பான். அவனை நடத்துகின்ற முறையிலேதான் அரசின் நேர்மை தெரியும்.

அமெரிக்காவைக் குறை கூறிவிட்டு அமைதி கொள்ள நமக்கும் தகுதியில்லை. அங்கே விழுக்காடு மறித்தது. இங்கே ஒரு சொல்லின் இலக்கணம் மறித்தது. தேசியப் பாதுகாப்புக் கழகம், இந்திய இராணுவக் கழகம் போன்ற இடங்களில் அதிகாரிப் பயிற்சியின்போது ஊனமுற்று வெளியேற்றப்பட்ட இளைஞர்கள், 1985 முதல் ஏறத்தாழ 500 பேர் எனச் செய்தியேடுகள் எழுதின. பயிற்சி முடிந்து பதவியேற்கவில்லையாம். ஆகவே ‘முன்னாள் படைவீரர்’ அல்லராம்! அந்தப் பெயர்தானே மருத்துவம், அங்காடி, மறுவேலை எனப் பல கதவுகளுக்குத் திறவுகோல்! 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. அம்மாத இறுதியிலேயே, முன்னாள் வீரர்க்கான மருத்துவத் திட்டத்தை அவர்களுக்கும் விரிக்க அரசு இசைந்தது. நாற்பதாண்டு மூடிக்கிடந்த கதவு, நீதிமன்றம் தட்டியவுடன் திறந்ததென்றால், பூட்டு கதவிலா இருந்தது? ஆள்வோர் கருத்திலன்றோ இருந்தது!

தோழர்களே! ‘சலுகை’ என்ற சொல்லின் சூழ்ச்சியை நாம் நன்கறிவோம். நமது உரிமையை நாம் கேட்டபோதெல்லாம் அதற்குச் சலுகையென்று பெயரிட்டுச் சிறுமைப்படுத்தியவர்களைக் கண்டவர்கள் நாம். சலுகை, கொடுப்பவன் மனம் மாறினால் மறையும். உரிமை, கேட்பவன் குரல் உள்ளவரை நிலைக்கும். ஊனமுற்ற வீரனுக்கு அங்காடியும் மருத்துவமும் விடுதியும் அளிப்பது அரசு காட்டும் பெருந்தன்மையென மேடையிலே எவரேனும் முழங்கினால், எழுந்து நின்று சொல்லுங்கள்: பெருந்தன்மையல்ல ஐயா, பட்ட கடன்! வாங்கியவர்கள் நீங்கள், கொடுத்தவன் அவன். கடனைத் திருப்பித் தருகிறவன், கடன் கொடுத்தவனை வாயிலிலே நிறுத்திவைத்து விழுக்காடு கேட்கலாமா?