பூச்செடிக்கு வேலி

சென்ற திங்கள் பாலக்காட்டு இருப்புப்பாதைக் குடியிருப்பில், நம் வீட்டு முன்றிலில் பன்னிரண்டு செவ்வந்தி நாற்றுகளை நட்டோம். மூன்றாம் நாட் காலையில் எஞ்சியவை நான்கே. தெருவில் திரிந்த ஆடு ஐந்தைக் கடித்தது. கோழிகள் மூன்றைக் கிளறி எறிந்தன. இல்லாள் கண் கலங்கினாள். ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்திற்குத் தன் கையால் வைத்த பூ எத்துணை ஆறுதல் என்பதை அன்பர்கள் அறிவர்.

அண்டை வீட்டுப் பெரியவர், "தம்பி, ஒரு கம்பியைக் கட்டி வீட்டு மின்சாரத்தைக் கொடுத்துவிடுங்கள், ஆடும் வராது, பன்றியும் வராது" என்றார். நல்லெண்ணத்தால் சொன்னதே. எனினும் நாம் இசையவில்லை.

2022 மே மாதம், முட்டிக்குளங்கரை ஆயுதக் காவற்படை முகாமை ஒட்டிய வயலில் காவலர் இருவர் இறந்து கிடந்தனர். காட்டுப்பன்றிக்கென வைத்த மின்கம்பி அவர்கள் உயிரைக் குடித்தது. 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இளைஞர் இருவர் அவ்வாறே மாண்டனர். வேலி பயிரை மேய்ந்ததைப் பழமொழியில் கேட்டோம். வேலி மனிதரை மேய்ந்ததை நம் மாவட்டத்திலேயே கண்டோம். மின்கம்பிக்குப் பன்றி என்றும் பாலகன் என்றும் வேற்றுமை தெரியாது. அவ்வாறு கம்பி கட்டுதல் சட்டப்படியும் குற்றமாம்.

பின் செய்யத்தக்கது யாது? நாற்று வேரூன்றும் வரையில் முட்படலோ மூங்கில் தட்டியோ சுற்றிலும் நாட்டுக. செடியின் அடியில் கூழாங்கற்களைப் பரப்பினால் கோழி கிளறாது. சாணத்தைக் கரைத்து வடித்த நீரை இலைகளில் தெளித்தால் ஆடு வாய் வைக்கத் தயங்கும். மழை பெய்தபின் மீண்டும் தெளித்தல் வேண்டும். சம்பங்கி போன்ற கிழங்குச் செடிகளைப் பன்றியும் முள்ளம்பன்றியும் அகழுமாதலின், அவற்றைத் தொட்டியில் உயரத்தில் வைத்தல் நன்று. பன்றித் தொல்லை மிகுந்தால் ஊராட்சியிலும் வனத்துறையிலும் முறையிடுக.

ஆடு மாடு தொடாது என்றெண்ணிச் சிலர் அரளியை வேலியாக வைப்பர். அதன் இலை, பூ, வேர் யாவும் நஞ்சு. 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் வாரியம் நிவேதனத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அரளிப்பூவை விலக்கியதை நினைவிற் கொள்க. குழந்தைகள் உள்ள இல்லத்தில் அது வேண்டா.

மூணாறு, சூரியநெல்லி முதலிய இடுக்கித் தோட்டப் பகுதிகளில் வாழும் நம்மவர்க்கு ஒரு சொல். யானை வரும் இடத்தில் முட்படல் பூவைக் காவாது. யானை விரும்பும் வாழையையும் பலாவையும் வீட்டருகே வையாதிருத்தலே அறிவு. இரவில் யானை வந்தால் செடி போகட்டும். கதவைத் திறந்து வெளிப்போதல் ஆகாது. செடியை மறுபடியும் நடலாம்.

எஞ்சிய நான்கு செவ்வந்திகளும் இன்று மூங்கில் தட்டிக்குள் தளிர்த்திருக்கின்றன. தட்டி பின்னிக் கொடுத்தவர் அந்தப் பெரியவரே. ஆடும் வழக்கம்போல் தெருவில் உலவுகிறது.

அன்பர்கள் தாம் கையாளும் முறைகளை எழுதியனுப்பின், அடுத்த இதழில் மகிழ்வுடன் வெளியிடுவோம்.