கூலிக்கு ஆடுகிறவர்

சென்ற வாரம் மயிலாப்பூர் லஸ் முனையில் நண்பரொருவர் நம்மை நிறுத்தி வைத்துக்கொண்டு, கால்பந்து ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். "இந்தக் காலத்து ஆட்டக்காரனுக்கு ஊரேது, கழகமேது? இன்று ஒரு சட்டை, நாளை ஒரு சட்டை. கூலிக்கு ஆடுகிறவனுக்கு அபிமானம் எங்கிருந்து வரும்?" என்பது அவருடைய கட்சி. நண்பர் நம்மைப் போல் ஹைக்கோர்ட்டில் தொழில் செய்கிறவர். காலையில் வாதிக்காகவும், பிற்பகலில் வேறொரு வழக்கில் பிரதிவாதிக்காகவும் தொண்டை வற்றப் பேசி, இருவரிடமும் பீஸ் வாங்குகிறவர். கூலி என்ற சொல்லை அவர் இத்தனை அலட்சியமாக வீசியிருக்க வேண்டியதில்லை.

அவர் மனத்தில் இருந்தவர் நந்தகுமார் சேகர். 1995இல் சென்னையில் பிறந்த இந்த முன்னணி ஆட்டக்காரர் சென்னை சிட்டி கழகத்தில் ஆடினார். 2017இல் டில்லி டைனமோஸ் கழகத்திற்குப் போனார். 2018-19 பருவத்தில் கடன் கொடுத்த பாத்திரம் போலச் சென்னை சிட்டிக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அவ்வருஷம் அக்கழகம் 43 புள்ளிகளுடன் ஐ-லீக் பட்டத்தை வென்றது. பெயர் சென்னை என்றிருந்தாலும் அதன் சொந்த ஆட்டங்கள் நடந்தது சுமார் 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூரில்! 2020-21க்குப் பிறகு ஐ-லீகில் அதன் பெயரே காணோம். டில்லிக் கழகமோ 2019இல் பெட்டி படுக்கையோடு புவனேசுவரத்திற்குக் குடிபெயர்ந்து ஒடிசா எப்.சி. ஆயிற்று. ஊர் மாறியவர் யார் என்பதை நண்பர் யோசிக்கட்டும். ஆட்டக்காரர் நின்ற இடத்தில் நின்றார்; கழகம் அவர் காலடியிலிருந்து நகர்ந்து போயிற்று.

2023இல் ஒடிசா சூப்பர் கோப்பையை வென்றது. அதே வருஷம் நந்தகுமார் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். ஆகஸ்டு 12ஆம் தேதி டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட ஒரே கோல், நான்கரை வருஷமாக அந்தப் பரம எதிரியை வெல்ல முடியாமலே இருந்த ஒரு கழகத்தைத் தலைநிமிர வைத்தது. 2024 ஜனவரி 28ஆம் தேதி சூப்பர் கோப்பையின் இறுதி ஆட்டம் புவனேசுவரத்தில், ஒடிசாவுக்கு எதிராகவே நடந்தது. முன்பு தம் சொந்த மைதானமாக இருந்த இடத்தில், பழைய எஜமானருக்கு எதிராக, ஈஸ்ட் பெங்காலின் முதல் கோலைப் போட்டு ஆட்டத்தைச் சமப்படுத்தியவர் இவர்தாம். கூடுதல் நேரத்தில் 3-2 என்ற கணக்கில் ஈஸ்ட் பெங்கால் வென்று, பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின் தேசியக் கோப்பை ஒன்றைக் கண்டது. அபிமானம் இல்லாதவன் செய்கிற வேலையா இது? வாங்கிய கூலிக்கு உண்மையாக உழைப்பது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இந்த இளப்பத்திற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1911இல் மோகன் பகான் ஆட்டக்காரர்கள், பெரும்பாலும் வெறுங்காலுடன், ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று வென்றபோது தேசமே களித்தது. அவர்கள் சம்பளத்திற்கு ஆடியவர்களல்லர். அன்று முதல், பணம் வாங்காமல் ஆடுவதே தேசபக்தி என்றொரு எண்ணம் நம் நெஞ்சில் உறைந்துவிட்டது. அந்த வீரர்களை நாமும் வணங்குகிறோம். ஆனால் ஒரு வெற்றியின் புகழைக் காட்டி, இன்று இருபது வயதில் தொடங்கி முப்பத்தைந்துக்குள் முடிந்துவிடும் ஒரு தொழிலுக்குக் கூலி கேட்பதைக் குற்றமாக்குவது நியாயமன்று.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இந்த மனோபாவமே ஆட்சி செய்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரனை விடாமல் பிடித்து வைக்கும் உரிமை கழகங்களுக்கு இருந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற முன்னணி ஆட்டக்காரர் 1960இல் நியூகாஸில் கழகத்தை விட்டுப் போக அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். அவர் ஆடாமல் வேலைநிறுத்தம் செய்து, கார்க் விற்கும் உத்தியோகம் பார்த்தார். 1963இல் நீதிபதி வில்பர்போர்ஸ் அந்த ஏற்பாடு தொழிலுக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். நமது தேசத்திலோ 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவன் நியாயமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அதற்கு வெகுகாலம் முன்பே சொல்லி வைத்திருக்கிறது. தவணை முடிந்ததும் வேறிடம் போகிறவன் துரோகியல்லன். சட்டம் தந்த உரிமையைக் கையாளுகிறவன்.

உண்மையான ஆபத்து வேறிடத்திலிருக்கிறது. 2025இல் இந்தியன் சூப்பர் லீகின் உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. புது ஏற்பாடு ஒன்றும் ஆகவில்லை. போட்டி நடக்குமா என்பதே சந்தேகமாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் பெங்களூர்க் கழகம் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. 2015லும் 2017-18லும் பட்டம் வென்ற நமது சென்னையின் எப்.சி.யும் தன் காரியங்களை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. கழக முதலாளிகளுக்கும் நஷ்டமுண்டு, மறுக்கவில்லை. அவர்களுக்கு வேறு வியாபாரம் இருக்கிறது. ஆட்டக்காரனுக்கு இரண்டு கால்கள்தாம் இருக்கின்றன. இரண்டு மாதச் சம்பளம் முறையின்றி நின்றால், 15 நாள் அறிவிப்புக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்று பிபாவின் விதி கூறுகிறது. நல்ல விதிதான். தேசத்தின் பெரிய போட்டியே நின்றுபோனால் விலகி எங்கே போவது?

ஆகவே, ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் ஒவ்வொரு கழகமும் மூன்று மாதச் சம்பளத்தைச் சம்மேளனத்திடம் ஈடாகக் கட்ட வேண்டும். கட்டாத கழகத்தைக் களத்தில் இறக்கலாகாது. ஒப்பந்தத்தை ஆட்டக்காரனின் தாய்மொழியிலும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்திலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் பந்து உதைக்கும் பிள்ளைகளில் ஒருவன் நாளைக்குக் கையெழுத்திட நேர்ந்தால், ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருப்பதைப் படித்துச் சொல்ல அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு பையன் தகப்பனாரோடு வந்தால், பீஸ் வாங்காமல் வரிவரியாகப் படித்துச் சொல்ல நாம் சித்தமாயிருக்கிறோம். லஸ் முனை நண்பரையும் இதில் சேரும்படி எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.