வாவிக்கரைக்கு ஏற்ற சேர்வர் எது?

சேர்வர் வாங்குவதற்கான கேள்விமனுவில் புரோசசரில் எத்தனை கோர், நினைவகம் எத்தனை ஜிபி, வட்டு எத்தனை டிபி என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். வேலையில்லாமல் நிற்கும்போது அது எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்று கேட்டிருப்பது அரிது. மட்டக்களப்பில் அந்தக் கேள்விதான் முதலாவதாக இருக்க வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றது. மின்பிறப்பாக்கிக்கு ஊற்ற டீசலும் கிடைக்கவில்லை. அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் நாடு முழுவதும் இருண்டது. இத்தகைய மின்வலையை நம்பித்தான் எங்கள் வைத்தியசாலையும் பிரதேச செயலகமும் கூட்டுறவுச் சங்கமும் கணினியில் வேலை செய்கின்றன.

எல்லாவற்றையும் கொழும்பில் உள்ள தரவு மையத்துக்கே அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்பார்கள். ஓரளவு நியாயமான கேள்விதான். கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஒளியிழையில் தகவல் போய்வர எடுக்கும் நேரம் சில மில்லிசெக்கன்களே. வேகத்தைக் காரணம் காட்டி இங்கே சேர்வர் வைக்கச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. இணைப்பு அறுந்துபோவதே உண்மையான காரணம். மாரியில் வெள்ளம் பாதையை மூடும் நாளில் நோயாளியின் மருந்து விவரம் வைத்தியசாலை விடுதியிலேயே திறக்க வேண்டும். தொலைவில் இருப்பதால் மட்டும் தரவு பத்திரமாகிவிடாது என்பதையும் கண்டோம். 2023இல் அரசாங்க மேகக் கணினி தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதியே இருக்கவில்லை. அதனால் இங்கே ஒரு சிறிய சேர்வர், அதன் பிரதி வேறோர் ஊரில் என்பதே பொருத்தமான ஏற்பாடு.

அந்தச் சிறிய சேர்வர் எப்படிப்பட்டது? கூகுள் பொறியியலாளர்கள் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் 2007இல் எழுதிய கட்டுரையில், பெரிய தரவு மையங்களிலேயே சேர்வர்கள் பெரும்பாலான நேரம் தம் திறனில் 10 முதல் 50 வீதம் வரைதான் உழைக்கின்றன என்றும், சும்மா நின்றாலும் உச்ச மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடுகின்றன என்றும் காட்டினார்கள். புதிய இயந்திரங்கள் அதைவிட முன்னேறியுள்ளன. ஆனால் மாலை நான்கரைக்குப் பூட்டும் அலுவலகத்தில் சேர்வர் நாளின் பெரும்பகுதி சும்மாதான் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வரும் பழைய சேர்வர் எப்போதும் 300 வாட் இழுக்கிறது என்றும், அதே வேலைக்குப் போதுமான புதியது 100 வாட் இழுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஆண்டுக்கு 1,752 அலகு, ஐந்து ஆண்டுகளில் 8,760 அலகு. அலகு 30 ரூபா என்று கணக்கிட்டாலும் இரண்டரை இலட்சத்துக்கு மேல். சேர்வரின் வெப்பத்தை வெளியேற்றும் ஏசியின் செலவு இதில் சேரவில்லை. இலவசமாக வந்ததற்கு நாம் கொடுக்கும் விலை இது.

மின்வெட்டில் வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும். 12 வோல்ற், 100 அம்பியர்மணி ஈய பற்றரிகள் இரண்டை வைத்து, பாதிக்குமேல் இறக்காமல் பயன்படுத்தினால் 100 வாட் சேர்வர் சுமார் பத்து மணிநேரம் ஓடும். 300 வாட் சேர்வர் மூன்றரை மணிநேரத்துக்குள் அடங்கிவிடும்.

இனி வெப்பமும் ஈரமும். இதில்தான் நாங்கள் அதிகம் தவறு செய்கிறோம். சேர்வர் அறை என்றால் உறைய வேண்டும் என்று எண்ணி ஏசியை 18இல் வைக்கிறார்கள். குளிரூட்டல் பொறியியலாளர் சங்கமான ஆஷ்ரேயின் வழிகாட்டி, சேர்வருக்குள் புகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருப்பதைப் பரிந்துரைக்கிறது. அதன் வகைப்பாட்டில் ஏ2 வகைச் சேர்வர் 35 வரையும், ஏ3 40 வரையும், ஏ4 45 வரையும் தாங்கும். கச்சான் வீசும் மாதங்களில் பகலில் 35ஐத் தாண்டும் நாட்கள் இங்கு உண்டு. பூட்டிய அறைக்குள் அதைவிட ஏறும். ஆகவே ஏ3 அல்லது ஏ4 என்று கேள்விமனுவில் எழுதுவது ஆடம்பரம் ஆகாது. டெல்லின் எக்ஸ்ஆர் வரிசை போல 55 பாகை வரை தாங்கும் இயந்திரங்களும் சந்தையில் உள்ளன. எல்லா அலுவலகத்துக்கும் அவை தேவையில்லை.

18இல் வைப்பதால் பணம் மட்டுமல்ல, இயந்திரமும் பாழாகும். புளியந்தீவைச் சுற்றிலும் நீர். கல்லடியில் ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். வெளிக்காற்று 24 பாகைக்குக் குளிர்ந்தாலே அதன் ஈரம் நீராகப் படியும் நாட்கள் இங்கே பல. மின்சாரம் போகிறது, ஏசி நிற்கிறது, யாரோ கதவைத் திறக்கிறார்கள். குளிர்ந்த உலோகத்தின்மேல் அந்த ஈரம் உப்போடு சேர்ந்து படிகிறது. 26, 27இல் வைத்திருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். குளிர்நாடுகளில் வெளிக்காற்றை நேரே உள்ளே இழுத்துக் குளிர்விப்பதைப் பார்த்து இங்கே செய்துவிடக் கூடாது. தகரமே சில ஆண்டுகளில் துருவேறும் காற்று இது.

ராக்கில் ஒரேயொரு தட்டளவு (ஒரு யூ) உயரமுள்ள சேர்வர் இங்கு எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை. ராக்கின் இடத்துக்கு வாடகை கொடுக்கும் வணிகத் தரவு மையத்தில் அதற்குப் பொருள் உண்டு. எங்கள் அலுவலகங்களில் ராக் பாதிக்குமேல் வெறுமையாக நிற்கிறது. ஒரு யூவில் இருக்கும் சின்ன விசிறிகள் அலறிச் சுழல வேண்டும். விசிறி இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும், வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்காகும். இரண்டு யூவில் பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளும்.

மின்வழங்கியும் அப்படித்தான். 100 வாட் வேலைக்கு 1,100 வாட் மின்வழங்கி இரண்டைப் பூட்டினால் ஒவ்வொன்றும் சுமார் 5 வீதச் சுமையில் ஓடி மின்சாரத்தை வீணாக்கும். மின்வழங்கியின் திறனைக் காட்டும் 80 பிளஸ் முத்திரையில் பிளாட்டினம் தரம் 20 வீதச் சுமையிலிருந்துதான் அளக்கப்படுகிறது. டைட்டேனியம் தரத்துக்கு 10 வீதச் சுமையிலும் 90 வீதத் திறன் வேண்டும். கிடைப்பதில் ஆகச் சிறிய மின்வழங்கியையே கேட்க வேண்டும்.

பெறுகைக் குழுக்கள் விலைமனுவின் தொகையோடு ஐந்தாண்டு மின்செலவையும் கூட்டிய பின்னரே எது ஆகக் குறைந்தது என்று தீர்மானிக்க வேண்டும். விற்பவர் தரும் எண்ணை நம்பத் தேவையில்லை. செருகியில் மாட்டும் சிறிய வாட்மீட்டர் ஒன்று போதும். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம், மாவட்டத்து அரச அலுவலகங்களில் இப்போது ஓடும் சேர்வர்கள் சும்மா நிற்கையில் எத்தனை வாட் இழுக்கின்றன என்று மாணவர்களைக்கொண்டு அளந்து வெளியிட முன்வர வேண்டும்.