நாங்க டிசைன் மட்டும்தான் பண்ணோம்!

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் சிகரெட் பிடிக்கிறவன் இல்லை. பிடிக்காதேன்னு உங்களுக்கு கிளாஸ் எடுக்கவும் வரலை. ஹாஸ்டலுக்குப் பின்னாடி டீக்கடையில் யார் யார் நிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் பேச வந்தது சிகரெட்டைப் பெட்டிக்குள்ள அடைக்கிற மெஷினைப் பத்தி. (பன்னிரண்டு வருஷமும் இங்கிலீஷ் மீடியம். ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டுங்க.)

எனக்கும் அந்த மெஷினுக்கும் சம்பந்தம் ஏற்பட்டது சாக்பீஸால. எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், சாக்பீஸை எண்ணி டப்பாவுல அடைக்கிற ஒரு சின்ன மெஷின். கேக்க ரொம்ப சாதாரணமா இருக்கும். மேல ஹாப்பர்ல கொட்டணும், கீழ வரிசையா விழணும், அவ்வளவுதான்னு நினைச்சோம். முதல் ரிவ்யூ அன்னிக்கு மூணு ப்ரொஃபசர் முன்னாடி ஸ்விட்ச் போட்டா, ஒண்ணு கூட விழலை. சாக்பீஸெல்லாம் ஒண்ணுக்கொண்ணு தோள் கொடுத்து, கோயில் வாசல் வளைவு மாதிரி உள்ளயே நின்னுடுச்சு. குலுக்கினோம். உடைஞ்சுது. எங்க மானமும் சேர்ந்துதான்.

ஒர்க்‌ஷாப்ல இருக்கிற அண்ணன் ஒருத்தர் வந்து எட்டிப் பார்த்துட்டு, "இதெல்லாம் சிகரெட் கம்பெனிக்காரன் எங்க தாத்தா காலத்துலயே முடிச்சுட்டான் தம்பி, போய்ப் பாரு"ன்னு சொல்லிட்டுப் போனார். அன்னிக்கு ராத்திரி பழைய பேட்டன்ட் படங்களைத் திறந்தவன்தான், விடியற வரைக்கும் மூடலை.

சிகரெட்டும் சாக்பீஸும் ஒரே ஜாதிப் பிரச்சினை. உருளை வடிவம், அழுத்தினா போச்சு, ஒண்ணா கொட்டினா ஹாப்பர்ல வளைவு கட்டிடும். அவங்க என்ன பண்ணாங்கன்னா, ஹாப்பரோட அடிப்பகுதியில நெட்டுக்குத்தா மெல்லிய தகடுகளை நிறுத்தினாங்க. ரெண்டு தகடுக்கு நடுவுல ஒரு சிகரெட் மட்டும் போற அளவுக்கு இடைவெளி. அதுக்கு மேல சின்னச் சின்ன உருளைகள். அது முழுசா சுத்தாது, தொட்டில் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா ஆடும். வளைவு கட்டறதுக்கு முன்னாடியே கலைச்சு விட்டுடும். நாங்க மொத்த ஹாப்பரையும் பிடிச்சுக் குலுக்கினோம். அவங்க கலைக்க வேண்டிய இடத்தை மட்டும் மெதுவா கலைச்சாங்க.

அடுத்தது எண்ணிக்கை. 20 சிகரெட்டை அடுக்கணும். ரெண்டு பத்தா அடுக்கலாம், நாலு அஞ்சா அடுக்கலாம். ஆனா பாக்கெட்டைத் திறந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், அது 7, 6, 7-ஆ இருக்கும். நடு வரிசை ஆறும் மேல் வரிசை, கீழ் வரிசைகளோட பள்ளங்கள்ல உக்காந்துக்கும். விட்டம் 8 மி.மீ.ன்னு வெச்சுக்கோங்க. மூணு வரிசையை நேருக்கு நேர் அடுக்கினா உயரம் 24 மி.மீ. பள்ளத்துல உக்கார வெச்சா 8-ஐ 2.732-ஆல பெருக்கணும், கிட்டத்தட்ட 21.9 மி.மீ. ஒரு பெட்டிக்கு ரெண்டு மில்லிமீட்டர் அட்டை மிச்சம், சிகரெட்டும் உள்ள உருளாம இறுகி நிக்கும். பதினொண்ணாம் கிளாஸ் ஜியோமெட்ரி! நமக்கு இதை யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்?

எனக்கு ரொம்பப் பிடிச்சது வெள்ளித் தாளை மடிக்கிற முறை. ஓரத்தை மடிக்கறதுக்கு ஒரு கை மாதிரி ஏதாவது வந்து போகணும்னுதானே நாம நினைப்போம்? முதல் மடிப்புக்கு அப்படி ஒரு நகர்ற தகடு வரும். மிச்ச மடிப்புகளுக்கு எதுவுமே நகராது. வழியில ஓரமா வளைச்சு வெச்ச ஒரு தகடு சும்மா நிக்கும். பாக்கெட் அதைத் தாண்டிப் போகும்போது தாள் தானா மடிஞ்சுடும். மோட்டார் கிடையாது, கேம் கிடையாது, தேயறதுக்குக்கூட பெருசா ஒண்ணும் கிடையாது. அப்புறம் பசை. பசை காயறதுக்கு நேரம் வேணும், மெஷினுக்கோ நேரமே கிடையாது. அதனால மெஷினை நிறுத்தாம, பாக்கெட்டுகளை ஒரு பெரிய டிரம்மோட பள்ளங்கள்ல இறுக்கிப் பிடிச்சு ஒரு சுத்து சுத்த விட்டாங்க. சுத்தி முடிக்கறதுக்குள்ள காஞ்சுடும்.

சென்சார் இல்லாத காலத்துல பாக்கெட்ல ஒண்ணு குறைஞ்சா எப்படிக் கண்டுபிடிச்சாங்க? ஸ்பிரிங் வெச்ச 20 சின்னக் கம்பி. ஒவ்வொரு கட்டும் வந்து நிக்கும்போது 20 கம்பியும் 20 சிகரெட்டோட நுனியைத் தொட்டுப் பார்க்கும். ஒரு இடம் காலியா இருந்தா அந்தக் கம்பி மட்டும் கொஞ்சம் அதிகமா உள்ள போகும். அந்தக் கொஞ்சம் போதும், ஒரு லீவர் தட்டி அந்தப் பாக்கெட் வெளியே தள்ளப்படும். கம்ப்யூட்டர் விஷன்ல ப்ராஜெக்ட் பண்ற நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க, இதைப் பார்த்தப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

சரி, இதெல்லாம் ஏன் தேவைப்பட்டுச்சு? கொஞ்சம் பின்னாடி போகணும். அமெரிக்காவுல 1870கள்ல சிகரெட் கையால சுருட்டினது. திறமையான ஒருத்தரால நிமிஷத்துக்கு நாலோ என்னவோதான் முடியும். ரிச்மண்ட்ல ஆலன் அண்ட் ஜின்டர்னு ஒரு கம்பெனி, நல்ல மெஷின் கண்டுபிடிக்கறவங்களுக்கு 75,000 டாலர் பரிசுன்னு அறிவிச்சுது. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் பொன்சாக் ஒரு மெஷின் கட்டி 1881-ல பேட்டன்ட் வாங்கினான். அப்ப அவனுக்கு நம்ம வயசுதான், 21. ('வாங்கினார்'னு எழுதத்தான் நினைச்சேன். நம்ம செட்டுங்கறதால 'ன்' வந்துடுச்சு.) அவன் பண்ணது தனித்தனி சிகரெட் சுருட்டறதே இல்லை. முடிவே இல்லாத ஒரு நீளக் குச்சியா சுருட்டிக்கிட்டே போய், ஓடிக்கிட்டிருக்கும்போதே வெட்டறது. நிமிஷத்துக்கு சுமார் 200. பத்து மணி நேரத்துல 1,20,000. வேடிக்கை என்னன்னா, பரிசு அறிவிச்ச கம்பெனியே மெஷின் சிகரெட்டை ஜனங்க வாங்க மாட்டாங்கன்னு பயந்து ஒதுங்கிடுச்சு. வட கரோலினாவுல டர்ஹாம் ஊர் ஜேம்ஸ் டியூக் அதை எடுத்துக்கிட்டார். 1884-ல அவர் ஃபேக்டரியில ஓ'பிரையன்னு ஒரு மெக்கானிக் கூடவே உக்காந்து சரி பண்ணிப் பண்ணி, நாள் முழுக்க நிக்காம ஓட வெச்சாங்க.

இப்ப நீங்களே கணக்குப் போடுங்க. பத்து சிகரெட் பாக்கெட்னா, ஒரு மெஷினுக்கு ஒரு நாளைக்கு 12,000 பாக்கெட். சுருட்டறது மெஷின், அடைக்கறது இன்னமும் பெண்களோட கை. அந்த இடத்துல அடைப்பு விழுந்துச்சு. அதை உடைக்க வந்ததுதான் பேக்கிங் மெஷின். 1912-ல லண்டன்ல மொலின்ஸ் குடும்பம் ஆரம்பிச்ச கம்பெனியெல்லாம் அந்த வழியில வந்தது. சுருட்டற மெஷின் தொடர்ந்து ஓடும். அடைக்கற மெஷின் நின்னு நின்னு ஓடும். நின்னு ஓடறதுன்னா ஜெனிவா வீல் மாதிரி ஏதாவது வேணும், நாம செமஸ்டர்ல டயகிராம் போட்டு மார்க் வாங்கி மறந்தது. வேகத்தை ரெண்டு மடங்காக்கினா பாகங்களைத் தள்ளி நிறுத்தற விசை நாலு மடங்காகும். அதனால அங்க ஒவ்வொரு கூடுதல் பாக்கெட்டும் சண்டை போட்டு வாங்கினது.

இதுவரைக்கும் படிச்சதுல, நான் இந்த மெஷின் மேல காதல்ல இருக்கேன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். பிரச்சினையே அங்கதான்.

எங்க கிளாஸ்ல ஒரு வாக்கியம் அடிக்கடி காதுல விழும்: "மெஷினுக்கு என்ன தெரியும், நாம டிசைன் மட்டும்தான பண்றோம்." இதையே நண்பன் ஒருத்தன் வேற மாதிரி சொல்லுவான், கத்தி செஞ்ச கொல்லன் கொலைகாரனாடான்னு. நானும் ரொம்ப நாள் தலையாட்டிட்டுத்தான் இருந்தேன். ஆனா கத்தி சும்மா டிராயர்ல கிடக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு நாளைக்கு 1,20,000 தள்ளற மெஷின் சும்மா கிடக்க முடியாது, கிடந்தா முதலாளிக்கு நஷ்டம். டியூக் மெஷினை எடுத்துக்கிட்டப்ப அவ்வளவு சிகரெட் பிடிக்க ஊர்ல ஆளே இல்லை. ஆளைத் தயார் பண்ண வேண்டியிருந்துச்சு. விலையைக் குறைச்சார், பாக்கெட்டுக்குள்ள படம் போட்ட அட்டை வெச்சார், 1889-ல விளம்பரத்துக்கு மட்டும் 8 லட்சம் டாலர் செலவு பண்ணார்னு எழுதி வெச்சிருக்காங்க. அந்தப் பட அட்டைகூட முதல்ல மெல்லிசான பாக்கெட் நசுங்காம இருக்க வெச்ச முட்டு. ஒரு மெக்கானிக்கல் தேவை, விளம்பரமாகி, சின்னப் பசங்க சேகரிக்கற பொருளாகிடுச்சு. இதுல டிசைன் எங்க முடிஞ்சுது, வியாபாரம் எங்க ஆரம்பிச்சுதுன்னு கோடு போட்டுக் காட்டுங்க பார்ப்போம்.

மெஷினுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நம்ம அரசாங்கமே நம்பலை. 2008-ல மத்திய அரசு குட்கா, பான் மசாலாவுக்கு கலால் வரி போட ஒரு விதி கொண்டு வந்துச்சு. எத்தனை பாக்கெட் வித்தேன்னு கேக்கலை. எத்தனை பேக்கிங் மெஷின் வெச்சிருக்கேன்னு கேட்டுச்சு. மெஷின் இருந்தா அது ஓடும், ஓடினா இவ்வளவு வரும்ங்கற கணக்கு. வரி ஆபீசருக்குத் தெரிஞ்ச இந்த விஷயம் டிசைன் இன்ஜினியருக்குத் தெரியாதுன்னா, அது தெரிஞ்சுக்க விரும்பாததுதான்.

உடனே, அப்ப இதைப் படிக்கவே கூடாதான்னு கேப்பீங்க. படிக்கணும்னுதான் சொல்றேன், இன்னும் நிறைய. 1900-ல ரூபஸ் பாட்டர்சன் புகையிலை மெஷினுக்காக ஆரம்பிச்ச அமெரிக்கன் மெஷின் அண்ட் பவுண்டரி, பின்னாடி பவுலிங் ஆட்டத்துல விழுந்த பின்களைத் தானா நிறுத்தி வைக்கிற மெஷினைச் செஞ்சுது. மெக்கானிசம் எங்க வேணா போகும். சிகரெட்டை அடுக்கின அதே யோசனைதான் இப்ப எங்க சாக்பீஸை அடுக்குது. நான் கேக்கறது ஒரே ஒரு பக்கம். நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல 'பயன்பாடுகள்'னு ஒரு சாப்டர் இருக்கும்ல, சீனியரோட ஃபைல்ல இருந்து அப்படியே காப்பி அடிப்போமே, அதைத் தூக்கிட்டு ஒரு கேள்விக்கு பதில் எழுதச் சொல்லுங்க: இந்த மெஷின் முழு வேகத்துல ஒரு வருஷம் ஓடினா, வெளிய வர்றது யார் கையில போய்ச் சேரும்? வைவாவுல அதைக் கேளுங்க. பதில் தப்பா இருந்தாலும் பரவாயில்லை. யோசிச்சிருப்போம்.

சும்மா நியாயம் பேசறான்னு நினைக்காதீங்க. போன மாசம் எனக்கு ஒரு ஆஃபர் வந்துச்சு. சாஷே மெஷின் செய்யற ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். இன்டர்வியூல பிடிச்ச மெக்கானிசம் எதுன்னு கேட்டார் ஒரு சார். நான் 7-6-7 சொன்னேன். மனுஷன் முகம் மலர்ந்துடுச்சு, பேப்பர் எடுத்து அவரே வரைஞ்சு காட்டினார், அரை மணி நேரம் போனதே தெரியலை. கடைசியில, "சார், உங்க மெஷின்ல எல்லாம் என்ன அடைக்கறாங்க?"ன்னு கேட்டேன். "ஷாம்பு, காபி, மசாலா..." கொஞ்சம் நிறுத்தி, "வடக்க போற ஆர்டர் வேற. நமக்கென்னப்பா, நாம மெஷின்தான விக்கிறோம்"னார். நல்ல மனுஷன். அவர்கிட்ட வேலை கத்துக்கணும்னு இப்பவும் ஆசை இருக்கு.

வீட்ல எஜுகேஷன் லோன் இருக்கு. அம்மாவுக்கு ஆஃபர் லெட்டரைக் காட்டினப்ப சாமி படத்துக்கு முன்னாடி வெச்சு எடுத்தாங்க. அதே சுவத்துல தாத்தா படமும் இருக்கு. தாத்தா பஸ் கண்டக்டர். பாக்கெட் தீர்ந்ததும் உள்ள இருக்கற வெள்ளித் தாளைக் கிழியாம உருவி எனக்குக் கொடுப்பார், நான் அதுல கிண்ணம் செய்வேன். நான் பத்தாவது படிக்கும்போது போயிட்டார். கடைசி எட்டு மாசம் வீட்ல ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு, அந்தச் சத்தத்துலதான் நான் பப்ளிக் எக்ஸாமுக்குப் படிச்சேன். அந்தத் தாளோட மடிப்பெல்லாம் இவ்வளவு நேரா எப்படி வருதுன்னு சின்ன வயசுல யோசிச்சிருக்கேன். இப்ப தெரியுது, வழியில ஒரு தகடு சும்மா நின்னிருக்கு.

வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் அனுப்பணும். வடக்க போற மெஷின் இல்லாம வேற டீம்ல போட முடியுமான்னு கேட்டு ஒரு மெயில் அடிச்சு டிராஃப்ட்ல வெச்சிருக்கேன். கேட்டா ஆஃபர் போயிடும்னு பாதி பேர் சொல்றாங்க, கேக்கறதுல என்ன இருக்குன்னு மீதி பேர். நாளைக்குக் காலையில அனுப்பிடுவேன்.

மூணாவது ரிவ்யூ திங்கட்கிழமை. சாக்பீஸ் மெஷின்ல 7-6-7 அடுக்கு வந்துடுச்சு, ஹாப்பரும் அடைக்கறதில்லை. தொட்டுப் பார்க்கற கம்பிக்கு 20 பேனா ஸ்பிரிங் வேணும், 14 தான் இருக்கு. தீர்ந்துபோன பட்டன் பேனா வெச்சிருக்கறவங்க ஒர்க்‌ஷாப்ல அண்ணன்கிட்ட கொடுத்துட்டுப் போங்க.